ஆண் கங்காருவுக்குப் பை கிடையாது

பிள்ளைகளா, நம் ஊரில் என்னைக் கங்காரு என்று கூப்பிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் அம்மாவைப் பக்கிக்குருவி என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அவள் காதுபடச் சொல்வதில்லை, அவ்வளவுதான். இந்தப் பட்டப்பெயர்கள் எப்படி வந்தன, அவற்றில் எது சரி, எது தப்பு என்பதை எழுதி வைக்கப் போகிறேன். நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். ஆனால் இதைப் பற்றிக் கொஞ்சம் விசாரித்திருக்கிறேன்.

அம்மாவுக்கு அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே பார்க்கிற வேலை. ஓடுகிற மிஷினில் நூல் அறுந்தால், நுனியைப் பிடித்து ஒட்டிவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஒரு ஆயுதபூஜைக்கு மில்லுக்குள் வீட்டு ஆட்களை விட்டபோது நானும் போனேன். அன்று மிஷின் எதுவும் ஓடவில்லை. அவள் வெறுங்கையைக் காற்றில் ஆட்டி எப்படிச் செய்வாள் என்று காட்டினாள். இல்லாத நூலை அவள் எட்டிப் பிடித்த வேகத்தைப் பார்த்து எனக்கு வாய் அடைத்துப்போனது. பஞ்சர் ஒட்டுகிற என் கைக்கு அந்த வேகம் வராது.

சின்னவளே, நீ பிறந்து தவழத் தொடங்கியதும் அவள் திரும்ப வேலைக்குப் போனாள். நைட் ஷிப்ட் வேண்டும் என்று அவளே கேட்டு வாங்கினாள். யாரும் அவளை அனுப்பவில்லை.

"பகல்ல நீங்க கடைய விடமுடியாது. ராத்திரி நான் போறேன். ரெண்டு பேருல ஒரு ஆளு எப்பவும் பிள்ளைக்கிட்ட இருக்கலாம்ல?" என்றாள்.

"தூக்கம்?" என்றேன்.

"வந்து தூங்குறேன். மத்தியானம் வரைக்கும் நீங்க பிள்ளையப் பாத்துக்கிட்டா எனக்குப் போதும்."

அப்படித்தான் ஆரம்பித்தது. காலையில் மில் வேன் அவளை இறக்கிவிடும். தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்கும். குளித்துவிட்டு உனக்குப் பால் கொடுத்து, உன்னை என்னிடம் தந்துவிட்டுப் படுப்பாள். நான் அவளுடைய பழைய சேலையை இரண்டாக மடித்து, உன்னை என் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொள்வேன். ஊருக்கும் பந்தல்குடி ரோட்டுக்கும் நடுவில் இருக்கிற தரிசைக் கடந்து நடந்தால் என் பஞ்சர் கடை. கடையென்றால் தகரக் கூரை, காற்றுப் பிடிக்கிற மிஷின், ட்யூபை முக்கிப் பார்க்க ஒரு தண்ணீர்த் தொட்டி. பக்கத்து வேப்பமரத்தில் உனக்கு ஒரு தொட்டில் கட்டியிருந்தேன். நீ அதில் அரைமணி இருந்தாலே அதிசயம். பிறகு அழுவாய். திரும்பவும் நெஞ்சில் கட்டிக்கொள்வேன். லாரி டயரைக் கழற்றும்போது மட்டும் நீ எவ்வளவு அழுதாலும் தொட்டில்தான். மத்தியானச் சோற்றுக்கு வரும்போது உன்னை அம்மாவிடம் விட்டுவிடுவேன்.

ஒரு நாள் தூத்துக்குடியிலிருந்து உப்பு லோடு ஏற்றி வந்த டிரைவர் ஒருவர், டயருக்குக் காற்றுப் பார்க்க நிறுத்தினார். நான் உன்னைக் கட்டிக்கொண்டு நின்றேன். உன் தலை மட்டும் சேலைக்கு வெளியே தெரிந்தது.

"என்னண்ணே, கங்காரு கணக்கா நிக்கிறீக! வாலு எங்க?" என்றார்.

"வாலு ஒம்ம லாரிச் சக்கரத்துல மாட்டிக்கிருச்சு. கீழ குனிஞ்சு எடுத்துத் தாரும்" என்றேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் சிரிப்புதான். அதில் ஒரு விஷமும் இல்லை. ஆனால் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டார்கள். மறுநாளே, "ஏலே கங்காரு, ஒரு டீ சொல்லட்டா? பையில இருக்கிற ஆளுக்குப் பாலு போதுமா?" என்று தொடங்கிவிட்டார்கள். போகட்டும் என்று விட்டேன்.

அம்மாவுக்கு வந்த பெயரை அப்படி விட முடியவில்லை. அதை வைத்தது என் சின்னம்மா, அதாவது என் சித்தப்பாவின் பெண்சாதி. அடுத்த தெருவில் இருக்கிறவர். மில் வேன் சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வரும். அந்த நேரத்தில் பெண்பிள்ளை வீட்டைவிட்டு இறங்கினால் வீட்டுக்கு ஆகாது என்பது நம் பக்கத்து நம்பிக்கை. குழாயடியில் சின்னம்மா சொன்னது என் காதிலேயே விழுந்தது.

"விளக்கு வைக்கிற நேரத்துல பச்சப்பிள்ளையத் தரையில போட்டுட்டுக் கெளம்புறா பாரு, பக்கிக்குருவி கணக்கா."

பக்கிக்குருவியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பொழுது மசங்குகிற நேரத்தில் மண்பாதையில் உட்கார்ந்திருக்கும். வண்டி வெளிச்சம் பட்டால் கண் கங்கு மாதிரி சிவக்கும். சக்கரம் ஏறிவிட்டது என்று நாம் பதறும்போது சத்தமில்லாமல் எழும்பிப் போகும். ஒரு கல்லைக் கட்டாந்தரையில் எறிந்தால் துள்ளித் துள்ளி, கடைசியில் சிறுசிறு துள்ளலாகப் போய் நிற்குமே, அதன் குரல் அப்படி இருக்கும். கூடு கட்டாது. வெறுந்தரையில் முட்டை போடும். அதனால் நம் ஊரில் பொறுப்பில்லாத பெண்ணுக்கு அதன் பெயரைச் சொல்வார்கள்.

பெரியவளே, அப்போது நீ ஏழாம் வகுப்பு. ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைத் தூக்கி எறிந்தாய். சோறு வேண்டாம் என்றாய். கடைசியில் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்.

"அப்பா, நீ இனிமே பள்ளிக்கூடத்துப் பக்கம் பாப்பாவக் கட்டிக்கிட்டு வராத. கங்காரு வருது, கங்காரு வருதுன்னு கத்துறாங்க."

"சரி, வரல."

"அம்மாவையும் வேலைய விடச் சொல்லு."

அம்மா உள்ளே படுத்திருந்தாள். தூங்கினாளோ, கேட்டுக்கொண்டு கிடந்தாளோ, நான் இன்றுவரை கேட்கவில்லை.

அந்த வாரமே உங்கள் மாமா மல்லாங்கிணற்றிலிருந்து வந்தார். அம்மாவுக்கு ஒரே அண்ணன். அப்பா இல்லாத வீட்டில் அவளை வளர்த்து ஆளாக்கியவர். கெட்ட மனிதர் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சேரைப் போட்டு உட்காரச் சொன்னேன். தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தார்.

"மாப்ள, சொந்தத்துல நாலு பேரு கேக்குறாக. ஒந்தங்கச்சி ராத்திரி எங்க போறான்னு. நான் என்னத்தச் சொல்ல?"

"மில்லுக்குப் போறான்னு சொல்லுங்க மச்சான்."

"அதச் சொல்லத்தான் வாய் வரமாட்டேங்குது."

அடுப்படியிலிருந்து உங்கள் அம்மா, "வாய் வரலைன்னா எழுதிக் குடுண்ணே" என்றாள்.

"சிரிப்பா இருக்கா ஒனக்கு? ஒம் புருசன ஊரே கங்காருன்னு சொல்லுது. சரி, அந்தக் கங்காருவையே எடுத்துக்க. வாயில்லாத சீவன். அதுகூடப் பிள்ளைய வயித்துப் பையில வச்சுச் சொமக்குது. நீ என்னடான்னா பக்கிக்குருவி மாதிரி பொழுது அடஞ்சா பறக்குற."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து நின்றாள். அவர் அதற்குப் பிறகு சத்தம் போடவில்லை. தணிந்த குரலில்தான் சொன்னார்.

"வைகாசியில காது குத்துறீக. சீரு, கெடா, பிள்ளைக்குத் தோடு, எல்லாம் நான் கொண்டாறேன். எனக்கு அதுல குறையில்ல. ஆனா நீ இந்த நைட்டு வேலைய விட்டிருக்கணும். விடலைன்னா என் மடிய எதிர்பாக்காத."

இதன் கனம் உங்களுக்குத் தெரியவேண்டும். நம்மில் பிள்ளைக்கு மொட்டை போடுவதும் காது குத்துவதும் தாய்மாமன் மடியில்தான். மாமன் இருந்தும் மடி கொடுக்கவில்லை என்றால், பிறந்த வீடு அவளைக் கைகழுவிவிட்டது என்று ஊர் எடுத்துக்கொள்ளும். அவர் போன பிறகு உங்கள் அம்மா அவர் குடித்த சொம்பைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்.

"நீங்க என்ன சொல்றீக?"

"ஒன் வேலை, ஒன் அண்ணன். இதுல நான் என்னத்தச் சொல்ல?"

"அப்படி நழுவாதீக."

"போகணும்னா போ. மடிக்கு வேற ஆளு பாத்துக்கிருவோம்."

"மடி என்ன, கடையிலயா விக்கிது?" என்றாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வேனுக்குக் கிளம்பிவிட்டாள்.

பங்குனி வெயில் ஏறிக்கொண்டிருந்த ஒரு காலையில், சின்னவளே, உன்னைக் கட்டிக்கொண்டு தரிசில் நடந்தேன். நான் கால் வைக்கப் போன இடத்தில் மண் எழும்பிப் பறந்தது. அப்படித்தான் தோன்றியது. பக்கிக்குருவி! சற்றுத் தள்ளி விழுந்து, இறக்கை ஒடிந்ததுபோல் ஒரு பக்கமாகச் சாய்ந்து புழுதியில் புரண்டது. ஐயோ, மிதித்துவிட்டோமே என்று கிட்டே போனேன். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்ப் புரண்டது. நான் பின்னாலேயே போனேன். வேலிக்கருவைப் புதர் வரைக்கும் என்னைக் கூட்டிக்கொண்டு போய்விட்டு, ஒரு நோவும் இல்லாமல் எழும்பிப் போயே போய்விட்டது.

ஏமாந்து திரும்பியவன் பழைய இடத்தில் தேடினேன். இரண்டு முட்டை. கீழே ஒரு துரும்புகூட இல்லை. செம்மண் நிறத்தில் புள்ளி புள்ளியாக, கூழாங்கல்லோடு கூழாங்கல்லாகக் கிடந்தன. கூடு கட்டத் தெரியாத கழுதை என்று நாம் பேசுகிற குருவி, ஒரு ஆள் உயரத்து மனிதனை, நெஞ்சில் பிள்ளையோடு போகிறவனை, நொண்டி நடித்துத் துரத்திவிட்டிருக்கிறது. எனக்குக் கோபம் வரவில்லை. யாரையாவது பார்த்து "பாருங்கடா!" என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. நீ மட்டும்தான் இருந்தாய். உன்னிடம் சொன்னேன். நீ சேலையைச் சப்பிக்கொண்டிருந்தாய்.

அதற்குப் பிறகு நான் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு நடந்தேன். ஆடு மேய்க்கிறவரிடமும் சொல்லி வைத்தேன். அவர், "கங்காருவுக்குக் குருவி மேல என்னய்யா அக்கறை?" என்று கேட்டாலும் ஆட்டை அந்தப் பக்கம் விடவில்லை. உச்சி வெயிலில் நிலம் காலைச் சுடும். அந்த நேரத்திலும் அது முட்டை மேல் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இடம் தெரிந்தவனுக்கே தேடினால்தான் தெரியும்.

ஒரு சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு வரும்போதுதான் அதைப் பார்த்தேன். பொழுது விழுந்து வெளிச்சம் மட்டும் மிச்சமிருந்தது. இன்னொரு பக்கிக்குருவி தாழப் பறந்து வந்து பக்கத்தில் இறங்கியது. உட்கார்ந்திருந்தது எழுந்து போனது. வந்தது நகர்ந்து முட்டை மேல் உட்கார்ந்தது. எது ஆண், எது பெண் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் ஆள் மாற்றியது தெரிந்தது. ரோட்டில் மில் வேன் ஹாரன் அடிக்கிற சத்தம் கேட்டது. நான் வீட்டுக்கு ஓடினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, பெரியவளே, உன்னை டவுன் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு அருப்புக்கோட்டை நூலகத்துக்குப் போனேன். நீ மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தாய். விலங்குகள் புத்தகம் ஒன்றும் பறவைகள் புத்தகம் ஒன்றும் எடுத்தோம். நீ வாசித்தாய், நான் கேட்டேன்.

கங்காருக் குட்டி பிறக்கும்போது ஒரு மொச்சைப் பயறு அளவுதான் இருக்குமாம். கண் திறக்காது, ரோமம் இருக்காது. அம்மா அதைத் தூக்கிப் பையில் போடுவதில்லையாம். அந்தப் பயறு, முன்னங்காலால் ரோமத்தைப் பிடித்துப் பிடித்துத் தானே ஏறிப் பைக்குள் போய்ச் சேருமாம். பிறகு மாதக்கணக்கில் உள்ளேயே வளருமாம். "எங்கேயும் தனியா விடவே விடாதாம்ப்பா!" என்று நீ ஒரு பக்கம் சந்தோஷப்பட்டாய். அடுத்த பக்கத்தில், நாய் துரத்தி வழியில்லாமல் போனால் சில சமயம் குட்டியைப் பையிலிருந்து விழவிட்டுவிட்டு ஓடும் என்று இருந்தது. நீ நிறுத்திவிட்டாய்.

"ஏம்ப்பா விட்டுட்டு ஓடுது?"

"அது உசுரோட இருந்தா இன்னொரு பிள்ளையப் பெத்துக்கிரும்னு இருக்கும். அந்த நேரத்துல அதுக்கு என்ன தோணுதோ, நமக்குத் தெரியுமா? நாம நாய்க்கு முன்னால ஓடிப் பாத்ததில்ல."

நீ மேலே வாசித்தாய். பகல் வெயிலுக்கு நிழலில் படுத்துவிட்டு, பொழுது சாய்ந்த பிறகும் ராத்திரியிலும்தான் கங்காரு மேய வெளியே வருமாம். அதைக் கேட்டதும் நான் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "இன்னொரு தடவ வாசி" என்றேன். மச்சான் மெச்சிய அந்தப் பெரிய தாயும் நைட் ஷிப்ட்தான்!

பக்கிக்குருவியைப் பற்றிப் பறவைப் புத்தகத்தில் கொஞ்சம்தான் இருந்தது. பூச்சியைப் பறந்தபடியே பிடித்துத் தின்னும். முட்டையைத் தாயும் தகப்பனும் இரண்டுமே அடைகாக்கும். நான் தரிசில் பார்த்ததை உன்னிடம் சொன்னேன். நீ பறவைப் புத்தகத்தை மூடிவிட்டுக் கங்காரு பக்கத்துக்குத் திரும்பப் போனாய். விரலை வைத்துத் தேடினாய்.

"அப்பா, ஆண் கங்காருவுக்குப் பையே கிடையாதாம்."

"கிடையாதா?"

"குட்டிய அது வளக்குறதே இல்லையாம். அம்மா மட்டும்தானாம்." என்னை ஏற இறங்கப் பார்த்தாய். "அப்ப ஊருல ஒன்னயத் தப்பாக் கூப்பிடுறாங்கப்பா."

ஆமாம், தப்பாகத்தான் கூப்பிட்டார்கள். கங்காரு வீட்டில் எல்லாச் சுமையும் ஒருத்தி வயிற்றில். அது அதன் பிறப்பு, அதில் குறை சொல்ல நான் யார்? வறண்ட காட்டில் அது பிழைக்கக் கண்ட வழி பை. அதே மாதிரி வறண்ட காட்டில் பக்கிக்குருவி கண்ட வழி வேறு. அதற்குப் பை இல்லை, கூடு இல்லை. நிறம் இருக்கிறது, அசையாமல் இருக்கிற பொறுமை இருக்கிறது, மாற்றி உட்கார இன்னொரு ஆள் இருக்கிறது. நம் வீட்டில் இருப்பது இந்த இரண்டாவது வழி. அம்மாவுக்கு வைத்த பெயர் சரி, சொன்ன அர்த்தம்தான் தப்பு. எனக்கு வைத்த பெயரே தப்பு.

வைகாசியில் திருச்சுழிக்கு அந்தப் பக்கம், கருவைக்காட்டுக்குள் இருக்கிற நம் குலசாமி கோயிலில் காதுகுத்து. உங்கள் அம்மா லீவு கேட்டாள், கிடைக்கவில்லை. ஷிப்ட் முடிந்து வேனை ரோட்டில் நிறுத்தி இறங்கி, சேலைக்கு மேல் போட்ட மில் கோட்டோடு வந்தாள். அதைக் கழற்றவும் நேரமில்லை. உங்கள் மாமா வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். கையில் சீர் இல்லை. உடைமர நிழலில் தள்ளி நின்றார்.

முடி எடுக்கிறவர் கத்தியைத் தயார் செய்துகொண்டு, "மடி யாருது?" என்று கேட்டார்.

எல்லாரும் உடைமரத்தைப் பார்த்தார்கள். மாமா அங்கிருந்தபடியே, "அவளக் கேளுங்க. இன்னைக்கு ராத்திரி போவாளா மாட்டாளான்னு" என்றார்.

"போவேண்ணே" என்றாள் உங்கள் அம்மா.

"அப்ப நான் உக்கார மாட்டேன்."

காது குத்த வந்த ஆசாரி, "எனக்கு இன்னும் ரெண்டு எடம் போகணும். வெயில் ஏறுது. யாராச்சும் உக்காருங்கய்யா" என்று முனகினார். சித்தப்பாவை உட்காரச் சொல்லலாமா என்று இரண்டு பேர் கிசுகிசுத்தார்கள். சின்னவளே, உங்கள் அம்மா உன்னை என் கையிலிருந்து வாங்கினாள். மணையை இழுத்துப் போட்டு அவளே உட்கார்ந்தாள்.

"என் மடியில எடுங்க" என்றாள்.

"பொம்பள மடியிலயா? மாமன் உசுரோட நிக்கையில?" இது சின்னம்மா. "பக்கிக்குருவிக்கு எது மொற, எது வழக்கம்?"

இந்தத் தடவை அவள் காதுபடவே சொல்லிவிட்டார். நான் போய் மணைக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்தேன். எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"ஆமா சின்னம்மா, அவ பக்கிக்குருவிதான். நானும் அதுதான். அது ஆணும் பொண்ணும் மாத்தி மாத்தி அடைகாக்குற சாதி. என்னையக் கங்காருன்னு இனிமே யாரும் கூப்பிடாதீக. ஆண் கங்காரு பிள்ளையத் தொட்டு வளக்காது. எனக்கு அந்தப் பேரு வேண்டாம்."

"என்னலே ஒளறுறான் இவன்?" என்று யாரோ கேட்டார்கள். இரண்டு பேர் சிரித்தார்கள். பெரியவளே, நீ கூட்டத்துக்குள்ளிருந்து, "எங்கப்பா சொல்றது சரிதான், நான் வாசிச்சேன்!" என்று கத்தினாய். அந்தச் சத்தத்தில் முடி எடுக்கிறவரே திரும்பிப் பார்த்தார். பிறகு கத்தியைத் தண்ணீரில் நனைத்துவிட்டு, "தலையப் பிடிங்க" என்றார். நான் தலையைப் பிடித்தேன்.

மொட்டை முடிந்தது. ஆசாரி முதல் காதைக் குத்தினார். சின்னவளே, நீ போட்ட சத்தத்தில் காட்டில் இருந்த காடையெல்லாம் எழும்பியிருக்கும். இரண்டாவது காதுக்கு மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் போய்விடவில்லை. பந்தியில் கடைசியாக உட்கார்ந்து சாப்பிட்டார். கை கழுவிவிட்டு அம்மாவிடம் வந்தார்.

"கண்ணு செவந்து கெடக்கு ஒனக்கு. இன்னைக்கு ஒரு ராத்திரி போகாம இருந்தா என்ன?"

"போகாம இருந்தா ஒனக்காக விட்டேன்னு ஆயிரும்ணே. நாளைக்கும் விடச் சொல்லுவாக."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். அவள் அவர் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழுதாள், இல்லையென்று சொல்லமாட்டேன். பிறகு மில் கோட்டைச் சுருட்டித் தலைக்கு வைத்து, கோயில் வேப்பமரத்தடியில் உன்னைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்கினாள். சாயங்காலம் வேலைக்குப் போனாள்.

மாமா இப்போது பொங்கலுக்கு வருகிறார், போகிறார். அந்தச் சீர் வரவேயில்லை, நாங்களும் கேட்கவில்லை. சின்னவளே, உன் காதில் கிடக்கிற தோடு அம்மா வாங்கிப் போட்டது. வரும் வருஷம் நீ பள்ளிக்கூடம் போகப் போகிறாய். நம் பக்கத்தில் பிள்ளைகளைக் கேட்காமல் இருக்கமாட்டார்கள், எந்த மாமா மடியில் காது குத்தினாய் என்று. எங்க அம்மா மடியில என்று சொல். சத்தமாகச் சொல்.